மாத்தளையின் அரக்கு வேலைப்பாடு

கைப்பணிகளுட் சில செய்பொருளாற் பெயர் பெறும். சில கருவியாற் பெயர் பெறும். மாத்தளைப் பகுதியில் வழங்கும் ஒரு மரக்கைப்பணியோ செய்வோனது உடலுறுப்பொன்றினாற் பெயர் பெற்றது. சிங்கள மொழியில் அதனை 'நியபொத்து வெட' என்பர். நியபொத்து என்பது நகம். வெட என்பது வேலை. எனவே நகவேலை என நாம் அதனை வழங்கலாம். மரத்தாலாகிய தண்டின்மேல் நிறமூட்டிய அரக்கை நூல்போல் இழுத்து, கட்டைவிரல் நகத்தினாற் கிள்ளிப் பதித்துப் பூவுங் கொடியும் ஆக்குவதே இவ்வேலை. மாத்தளை மாவட்டத்து ஹபுவிட என்னும் சிற்றூர் இதற்குப் பேர்பெற்றது. ஒரு காலத்தில் ஊர்த்தொழிலாக இருந்த இது இன்று ஒரு சில குடும்பங்களின் கையில் நிற்கின்றது.

இது சிங்கள மக்களின் கைப்பணியன்றோ, தமிழ் மாணவர் இதனை அறிவதால் ஆவதென்னை எனிற் கூறுதும். மாத்தளை தமிழருக்கு அயலூரன்று. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து வன்னிக் காட்டினூடே கால்நடையாக வந்த தோட்டத் தொழிலாளர் மலைநாட்டின் வாயிலாகக் கண்ட ஊர் இது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணஞ் செல்லும் பெருவீதி இதனூடேதான் செல்கின்றது. அன்றியும், இக்கைப்பணியின் சிறப்பை உலகிற்கு விரித்துரைத்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்னுந் தமிழர் குலத்து அறிஞரே ஆவர். இவை ஒருபுறமிருக்க, அரக்கு நமக்குப் புதிய பொருளன்று. நகைகளின் உட்குழிவைப் பொற்கொல்லர் அரக்கினாலேயே நிரப்புவர். அம்பாசமுத்திரத்துச் சொப்புகளைக் கையில் வைத்து விளையாடிய குழந்தைகள் அரக்கின் பளபளப்பை அறிவர். பாண்டவரை அழிக்கக் கௌரவர் கட்டியதும் அரக்கு மாளிகையன்றோ!

அரக்கு ஒரு சிறு பூச்சியின் கசிவு. மரத்தின் இளங்கிளைகளில் ஆயிரக்கணக்காக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் தம் உடலைக் காத்தற்பொருட்டுச் சுரக்கும் பிசினே கிளையைச் சுற்றி ஓடாக உறைகின்றது. இந்தியாவிற் புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களில் இது மிகுதியாக விளைகின்றது. இலங்கைக் காடுகளிலும் அரக்குப் பூச்சிகள் உள. சிங்களவர் 'கெப்பிட்டிய' என வழங்கும் செடிக்குத் தாவரநூலார் இட்ட இலத்தீனப் பெயரே 'அரக்குத் தாங்குவது' எனப் பொருள்படும். அரக்கின் தனி இயல்பு யாதெனின், நீர் கொதிக்கும் வெப்பத்தினுங் குறைந்த வெப்பத்திலேயே அது இளகுதலும், ஆறியவுடன் இறுகுதலும், இளகிய நிலையில் மரத்தை விடாது பற்றுதலும் ஆம். நகவேலை முழுதும் இவ்வியல்பின்மீதே நிற்கின்றது.

முதலில் அரக்கைத் தூய்மை செய்தல் வேண்டும். சிறு துண்டுகளாக உடைத்துத் துணிப்பையில் இட்டுக் கரிநெருப்பின்முன் காட்டிப் பையை முறுக்குவர். இளகிய அரக்கு துணியின் இழைகளூடே கசிந்து வெளிவர, பட்டை, சுள்ளி, பூச்சியின் ஓடு முதலியன உள்ளே தங்கிவிடும். வெளிவந்ததை இழுத்தும் மடித்தும் மீண்டுஞ் சூடேற்றி இழுத்தும் பதப்படுத்துவர். திருவிழாக் கடைகளிற் சீனிப் பாகை இழுத்திழுத்து வெளுக்கச் செய்வாரைக் கண்டவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. பின்னர் நிறப்பொடியைச் சேர்த்துச் சூடாறுமுன் அடித்துப் பிசைவர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்னும் நான்குமே தொன்றுதொட்ட நிறங்கள். சிவப்புக்குச் சாதிலிங்கமும், மஞ்சளுக்கு அரிதாரமும், கறுப்புக்கு விளக்குக்கரியும் பயன்பட்டன. மஞ்சளோடு அவுரி நீலத்தைக் கலந்து பச்சையைப் பெற்றனர். நிறமேறிய அரக்கைக் கோல்களாக உருட்டி வைத்துக்கொள்வர்.

இனி வேலைப்பாடு. வினைஞன் தணல்நிறைந்த சட்டியின் அருகே அமர்ந்து, வழவழப்பாகச் சீவிய மரத்தைத் தணலுக்குமேல் உருட்டிச் சூடேற்றுவான். சூடேறிய மரத்தில் அரக்குக் கோலைத் தேய்க்க, அது உருகிப் படியும். படிந்ததை ஓலை நறுக்கினால் இழைத்துச் சமப்படுத்த, நிலநிறம் அமைந்துவிடும். அதன்பின் வேறு நிறக்கோல் ஒன்றை இளக்கி, அதன் நுனியைப் பற்றி மெல்ல இழுப்பான். தையல்நூல்போல அரக்கு நீளும். அந்நூலை மரத்தின்மேல் வளைத்துப் படியவைத்து, வேண்டிய இடத்தில் நகத்தினால் அழுத்திக் கிள்ளுவான். கிள்ளிய துண்டு இதழாகும், அடுத்தது காம்பாகும், தொடர்ந்து செல்வது கொடியாகும். மீண்டும் மெல்லிய சூடு, மீண்டும் ஓலை. நூல் நிலத்தோடு ஒட்டி ஒரே பரப்பாகிவிடும். ஈண்டுத் தூரிகை இல்லை, பசை இல்லை, முன்னர் வரைந்துகொண்ட கோடும் பெரும்பாலும் இல்லை. சூடு சற்றுக் குறையின் நூல் ஒடியும். சற்று மிகின் நிலத்தோடு கலந்து குழம்பும். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதிலேயே இதழுக்கு வடிவு வரவேண்டும். அப்பொழுதை அளக்கும் கருவி விரல்நுனியே. ஆதலாற்றான் வினைஞர் தம் கட்டைவிரல் நகத்தை ஏனையோர் உளியைப் பேணுவதுபோல வளர்த்துப் பேணுகின்றனர்.

இலங்கையில் அரக்கு வேலையில் மற்றொரு வகையும் உண்டு. அது கடைசல் வேலை. கடைசற் பட்டறையிற் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கோலை அழுத்த, உராய்வினால் எழும் வெப்பமே அதனை உருக்கி வளையம் வளையமாகப் படியச் செய்யும். கண்டிக்கருகில் ஹுரிகடுவவிலும், தென்பகுதியில் அங்கல்மடுவவிலும் இவ்வகை வழங்கிற்று. கன்னட நாட்டுச் சென்னபட்டணப் பொம்மைகளும், ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காப் பொம்மைகளும், முற்கூறிய சொப்புகளும் இவ்வினத்தனவே. கடைசலால் வளையங்கள் விரைவில் அமையும். கொடியும் மலரும் அமையா. நகத்தால் எவ்வடிவும் அமையும். ஆயின் விரைவு இல்லை. இவ்வொரு வேற்றுமை பிற்காலத்தில் இவ்விரு தொழில்களின் ஊழையும் வேறுபடுத்திற்று.

கண்டியரசர் காலத்தில் இவ்வேலைப்பாடு எவ்வெப் பொருள்களில் அமைந்ததென நோக்குதல் வேண்டும். கொடிக்கம்பங்கள், ஈட்டிக்காம்புகள், குடைக்காம்புகள், பெரகராவில் ஏந்தப்படும் விசிறிகளின் கைப்பிடிகள், பிரம்புகள், அகப்பைக் காம்புகள், சிமிழ்கள், ஏட்டுச்சுவடிகளின் மேல்கீழ்ப் பலகைகள் என்பன அவற்றுட் சில. அரக்கு வேலைசெய்த குலத்தாரை 'ஈ வடுவோ' என்றனர். அம்பு செய்யுந் தச்சர் என்பது அதன் பொருள். அம்புக்கும் ஈட்டிக்கும் தண்டு திருத்தியவர்களே அத்தண்டுகளை அணிசெய்யவும் வல்லவராயினர் போலும். போரிலே துப்பாக்கி நுழைந்து அம்பு ஒழிந்தபின்னும் பெயர் மட்டும் நின்றது. மாத்தளைக்கருகிலுள்ள அளுவிகாரை, பௌத்தரின் திரிபிடகம் கி. மு. 1ஆம் நூற்றாண்டில் ஏட்டிலே எழுதப்பெற்ற இடமெனப் போற்றப்படுவது. ஏடு உள்ள இடத்தில் ஏட்டுப் பலகையும் வேண்டுமன்றோ? அவ்விகாரையின் ஏடுகள் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அழிந்தன. பின்னர் அச்சும் தாளும் பரவவே, ஏட்டுப் பலகைக்கே தேவையில்லாதாயிற்று.

இப்பொருள்களுள் எதுவும் சந்தையில் விற்பதற்கெனச் செய்யப்பட்டதன்று. அரசனுக்கோ, பிரதானிக்கோ, விகாரைக்கோ, தேவாலயத்துக்கோ செய்து கொடுத்தலே முறை. அதற்கு ஈடாக வினைஞன் நிலத்தை அனுபவித்தான். வயலில் விளைந்தது அவன் உணவு. உணவுக்குக் குறைவில்லாதபோது ஒரு குடைக்காம்புக்கு எத்தனை நாட் செல்லினும் அவனை விரைவுபடுத்துவார் இலர். சிறந்தோர் அரசனது 'பட்டல் ஹதர' எனப்பட்ட நான்கு தொழிற்சாலைகளுக்குத் தெரிவு செய்யப்பட்டனர். இம்முறையில் அடிமைத்தன்மையும் கலந்திருந்தது என்பதை மறைத்தலாகாது. ஆயினும் நகவேலையின் நுணுக்கம் இத்தகைய ஓய்விலேயே வளர்ந்தது என்பதும் உண்மையே.

1815ஆம் ஆண்டிற் கண்டியரசு வீழ்ந்தது. கோல்புறூக், கமரன் என்போரின் விதப்புரையின்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கோயில் நிலங்களில் ஊழியமுறை எஞ்சி நின்றதாயினும், 1870ஆம் ஆண்டுச் சேவைநிலக் கட்டளைச் சட்டம் ஊழியத்துக்குப் பதிலாகப் பணஞ் செலுத்த வழிசெய்தது. வினைஞர் விடுதலை பெற்றனர். அதனோடு வாடிக்கையாளரையும் இழந்தனர். பிரதானிகளின் மக்கள் ஆங்கிலங் கற்று, இறக்குமதியான நாற்காலியையும் பீங்கானையும் விரும்பலாயினர்.

இந்நிலையிலேதான் ஆனந்த குமாரசுவாமி இலங்கைக்கு மீண்டார். 1877இற் கொழும்பிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்து, நிலவியல் கற்று, கனிப்பொருளாய்வுத் துறையின் தலைவராகப் பணிபுரிய வந்தவர் அவர். பாறை தேடிச் சென்ற ஊர்களிலே கம்மியரைக் கண்டார். 1905ஆம் ஆண்டிற் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, முன்னோர் கலைகளை அவர்கள் கைவிட்டதைச் சுட்டினார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவரது பெருநூலில் அரக்கு வேலையும் இடம்பெற்றது. வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கிலப் பெரியார் பயன்படுத்திய கையச்சுப் பொறியில் 425 படிகள் மட்டுமே அந்நூல் அச்சிடப்பட்டது. கைப்பணியைப் போற்றும் நூல் கைப்பணியாகவே வெளிவந்தமை பொருத்தமே. ஆயினும் 425 படிகள் எத்தனை கம்மியர் கைக்கு எட்டியிருக்கும் என்னும் ஐயம் எழாமற் போவதில்லை. அவர் வற்புறுத்தியது ஒன்று: கைப்பணி அழிவது கம்மியன் கைசோர்வதாலன்று, வாங்குவோன் சுவை கெடுவதாலே என்பது.

அவருக்குப் பிற்பட்ட நூற்றாண்டில் அரசினர் உதவி இல்லாமற் போகவில்லை. கைப்பணிப் பொருள்களை விற்க 1964இல் லக்சல தோன்றிற்று. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தேசிய அருங்கலைகள் பேரவை அமைந்தது. இவற்றால் விளைந்த நன்மையைக் குறைத்துரைத்தல் நன்றன்று. ஆயினும், விற்பனை நிலையத்தை நம்பிய தொழில் உல்லாசப் பயணிகளை நம்பிய தொழிலாக மாறிற்று. பயணி கேட்பது பெட்டியில் அடங்குவதும் விலை குறைந்ததுமான நினைவுப் பொருள். கொடிக்கம்பம் அவனுக்கு வேண்டா. எனவே பெரிய தண்டுகள் ஒழிந்து, சிமிழும் காகிதங் கிழிக்கும் அலகும் பெருகின. கடைசல் வேலை விலைக்கு ஈடுகொடுத்தது. மின்விசையாற் பட்டறையைச் சுழற்றி ஒரு நாளிற் பல பொருள் செய்தல் அதற்கு இயலும். நகவேலைக்கோ விரலின் வேகத்துக்குமேல் வேகமில்லை. பயணிகளையும் என்றும் நம்பியிருத்தல் அரிது. 2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தனர். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுத் தாக்குதலும், அடுத்து வந்த பெருந்தொற்றும் சேர்ந்து, 2021இல் அத்தொகையை 2 இலட்சத்தினுங் கீழாக்கின. 2022இற் பொருளாதார நெருக்கடியும் வந்துற்றது. நகத்தைப் பேணியவர் மகன் வேறு பிழைப்பை நாடினான் எனின் அவனைக் குறைகூற யாரால் இயலும்?

பேணுதல் என்று எளிதிற் கூறுகின்றோம். எதனைப் பேணுவது? பழைய முறையில் எள்ளளவும் மாறலாகாது என்பார் உளர். அவர்கள் நிறங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சாதிலிங்கம் இரசமுங் கந்தகமுங் கூடியது. அரிதாரம் ஆர்செனிக்கும் கந்தகமுங் கூடியது. இரண்டும் நஞ்சு. தணலின் அருகே நாள்தோறும் அமர்ந்து இவற்றைப் பிசைதல் வினைஞனுக்குக் கேடு. இவை பூசிய பொருளைக் குழந்தை வாயில் வைத்தல் அதனினும் பெருங்கேடு. இவற்றைக் கைவிடுதல் மரபுக்கு இழுக்காகாது. ஏட்டிகொப்பாக்காவில் சி. வி. ராஜு என்பார் தாவரங்களிலிருந்து எடுத்த நிறங்களை அரக்கோடு சேர்க்கும் முறையை வளர்த்து, நொடிந்த பொம்மைத் தொழிலை நிமிர்த்தினார். 2023இற் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். குழந்தைக்குத் தீங்கில்லாத பொம்மை என்பதே அவ்வூர்ப் பொருளுக்குப் புதிய மதிப்பாயிற்று. நிறம் மாறலாம், துணிப்பைக்குப் பதிலாக வேறு வடிகட்டி வரலாம், கரிச்சட்டியின் இடத்தில் மின்னடுப்பு வரலாம். ஆனால் அரக்குக்குப் பதிலாக எனாமலைப் பூசி, நகத்துக்குப் பதிலாகத் தூரிகையை எடுத்தால், எஞ்சுவது பழைய கோலத்தின் படமேயன்றிப் பழைய தொழிலன்று. அத்தகைய போலிகள் அங்காடியில் இல்லாமலில்லை. உண்மைப் பொருளையும் போலியையும் பிரித்தறியாத வாங்குவோன் மலிந்ததையே எடுப்பான்; அதனால் முதலிற் சாவது உண்மைப் பொருளே.

இனி, தேவை என்னும் பெருங்கேள்வி. யப்பானில் ஈசே என்னுமிடத்து ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கொருமுறை புதிதாகக் கட்டுகின்றனர். 2013இல் நிகழ்ந்தது 62ஆம் முறை. பழைய கட்டடம் உறுதியாக நிற்கும்போதே புதியதை எழுப்புவது வீண்செலவு எனத் தோன்றலாம். ஆயின் 20 ஆண்டு என்னும் கணக்கினால், இளைஞனாக ஒருமுறை கண்டவன் நடுவயதில் மறுமுறை தானே செய்து, முதுமையில் மூன்றாம் முறை பிறருக்குக் கற்பிக்க வாய்க்கின்றது. அங்கே தச்சுத்தொழிலைக் காப்பது காட்சிச்சாலையன்று; வேலைக்கு ஆள் வேண்டும் என்னும் கட்டாயம்.

இவ்வுண்மைக்குச் சான்று தேட யப்பான் செல்லவும் வேண்டுவதில்லை. மாத்தளை நகரிலேயே அது கண்முன் உள்ளது. அங்குள்ள அருள்மிகு முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் பஞ்சரத பவனியை அறியாதார் இலர். 1983ஆம் ஆண்டு யூலை வன்செயலின்போது அக்கோயில் தாக்கப்பட்டுத் தேர்கள் தீக்கிரையாயின. ஊர் அச்சத்தில் ஒடுங்கியிருந்த காலம் அது. எனினும் தேரில்லாத் திருவிழாவோடு அடியார் மனம் அமையவில்லை. தேர்கள் மீண்டும் எழுந்தன. இன்று மாசிமகத்தில் ஐந்து தேர்களும் வீதிவலம் வருகின்றன. அச்சுக்கும் சில்லுக்கும் தேர்ந்த மரத்தைத் தெரிவுசெய்யவும், பொருத்துவாய் பிசகாது இணைக்கவும், யாளியும் இதழும் செதுக்கவும் கைவல்ல தச்சர் வேண்டியிருந்தது. தேவை நின்றமையால் வேலையும் நின்றது. ஆண்டுதோறும் ஓடுந் தேருக்கு ஆண்டுதோறும் பழுதுபார்த்தலும் உண்டு.

நகவேலைக்கு இத்தகைய ஆண்டுத் தேவை எங்கேயுளது? கண்டிப் பெரகராவிலும் ஊர்த் தேவாலயங்களிலும் கொடிகளும் விசிறிகளும் இன்றும் ஏந்தப்படுகின்றன. அவற்றின் காம்புகள் பழுதுறும்போது ஹபுவிடவை நாடுதல் அவ்வாலயத்தாரின் பொறுப்பு. நம் கோயில்களிலோ திருக்குடை, ஆலவட்டம், சாமரை என்பவை ஒவ்வொரு திருவிழாவிலும் வேண்டப்படுவன. அவற்றுக்குக் காம்பு வெறும் மூங்கிலாகவோ வண்ணம் பூசிய இரும்புக் குழாயாகவோ இருக்கக் காண்கின்றோம். மாத்தளை மாவட்டத்துக் கோயில் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு குடைக்காம்பை நகவேலையாகச் செய்வித்தாற்கூடச் சில கைகளுக்கு ஓய்வில்லாத வேலை கிடைக்கும். கல்லூரிகளும் பரிசளிப்பு விழாவில் வழங்கும் நெகிழிக் கேடயங்களுக்குப் பதிலாக அரக்குச் சிமிழொன்றை வழங்கலாகாதா? விலை கூடுமெனின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். முத்துமாரியின் குடையைச் சிங்கள வினைஞன் நகம் அணிசெய்யின், 1983ஐ மறவாத அந்நகருக்கு அது பொருந்தாததன்று.

இதற்கு முன்மாதிரியும் அதே மாவட்டத்திலேயே உண்டு. பத்திக் கலையாற் புகழ்பெற்ற ஈனா டி சில்வா அம்மையார், கொழும்பை விட்டுத் தம் முன்னோர் ஊராகிய அளுவிகாரைக்கு மீண்டு, ஊர்ப்பெண்களைக் கொண்டு பத்தி, தையல் வேலைகளையும், இளைஞரைக் கொண்டு தச்சு, பித்தளை வார்ப்பு வேலைகளையும் நடாத்தினார். 2015இல் அவர் மறைந்தார். பழைய கோலங்களை அவர் அப்படியே படியெடுப்பித்தாரல்லர்; கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா எழுப்பிய பெந்தோட்டை விடுதிக்கு விதானமாக அமைந்த அவரது பத்தித் துணிகளே அதற்குச் சான்று. பழைய கைக்குப் புதிய இடத்தைத் தேடிக் கொடுத்தமையே அவர் செய்த பணி.

இத்தனைக்கும் மேலாகக் காலம் என்றொன்று உண்டு. தச்சனது உளிவேலையைப் பொருளைக் கண்டு ஓரளவு ஊகித்தறியலாம். உளித்தடம் மரத்திலே நிற்கும். நகவேலையிலோ இறுதியில் ஓலையிட்டு இழைப்பதால் செய்முறையின் தடமே அழிந்துவிடுகின்றது. காட்சிச்சாலைக் கண்ணாடிக்குள் இருக்கும் ஏட்டுப் பலகை, நூல் எவ்வளவு சூட்டிற் கிள்ளப்பட்டதென்பதை எவருக்குஞ் சொல்லாது. அது தணற்சட்டியின் ஒருபுறம் முதியவரும் மறுபுறம் சிறுவனுமாக அமர்ந்து, ஒரே கோலிலிருந்து இருவரும் நூல் இழுக்கும்போது மட்டுமே கைமாறுவது. ஹபுவிடவில் அத்தகைய முதியோர் இன்னும் உளர். மாத்தளையிலுள்ள பாடசாலைகளின் கைப்பணி ஆசிரியர்கள் விடுமுறையொன்றில் மாணவரை அழைத்துச் சென்று அங்கே அமர்த்துதற்குப் பெருஞ்செலவு ஆகப்போவதில்லை.